எருமைக்கும் கோபம் வரும்

அன்புள்ள அக்கா,

படுக்கையில் கிடந்தபடி நீ எழுதிய கடைசிப் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்துவிட்டது. நீ இல்லாததால் நான்தான் மேடையேறி வாங்கினேன். சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து மயிலாப்பூரில் என்னால் நிம்மதியாக நடமாட முடியவில்லை.

பிள்ளைகளுக்குப் பொறுமையைச் சொல்ல ஓர் எருமையைப் படைத்தாய், சரி. அதற்கு ஏன் கோபு என்று என் பெயரை வைத்தாய்? 'கோபமே அறியாத என் தம்பிக்கு' என்று முதல் பக்கத்தில் அச்சடிக்க வேறு சொல்லியிருக்கிறாய். பால் பாக்கெட் ஒழுகினால் கத்தித் தெருவையே கூட்டுகிறவன் நான். உனக்குத் தெரியாதா?

போன வாரம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளியில் உன் கதையை வாசிக்கக் கூப்பிட்டார்கள். என்னை ஏற்றிக்கொண்டு போன நம் தெருமுனை ஆட்டோக்காரர், மெட்ரோ வேலை நெரிசலுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க இறங்கினார். நான் பல்லைக் கடித்தேன்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது? எம் பொண்ணு புக்குல கீற எருமை நீதானே? டென்சன் ஆவக்கூடாது!"

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைவிட மோசம். நான் வாசிக்க வாசிக்க ஒருவன் மேசையைத் தட்டினான். ஒருத்தி என் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "சாருக்குக் கோபமே வராது, பாருங்க!" என்று டீச்சர் வேறு ஏற்றிவிட்டார். ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை என் வேட்டியில் கவிழ்த்தான்.

"போதும்! ஒழுங்கா உக்காருங்க எல்லாரும்!"

மேசையைத் தட்டியவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். போச்சு, உன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். என் கண்ணாடியைப் போட்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எருமைக்கும் கோவம் வருமா தாத்தா?"

"வரும்மா. நெறையவே வரும்."

"அப்பாடா! எனக்கும் வரும். நான் மட்டும்தான் கெட்ட பொண்ணுன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தங்கள் கோபத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கதை பாதியில் நின்றது.

கிளம்பும்போது அவளே வாசல் வரை வந்தாள். "அப்ப உங்க அக்கா ஏன் அப்படி எழுதுனாங்க?"

அவளிடமிருந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நீ படுக்கையில் கிடந்தபோது நான் ஊட்டிய கஞ்சியையெல்லாம் என் சட்டையிலேயே துப்புவாய். அப்போது மட்டும் ஏனோ எனக்குக் கோபமே வந்ததில்லை. அதைப் பார்த்தா எழுதினாய், அக்கா?

வெள்ளிக்கிழமை மீதிக் கதையை வாசிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். கத்தமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கத்தினாலும், கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் ஒரே தம்பி,
கோபு