பேட்டரிக்கு வைத்த சந்தனம்

4.10.2008, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மழைக்கு இருட்டி, ஏமாற்றிவிட்டது. எட்டரைக்குக் கடை திறந்தேன். கரண்ட் இருக்கும்போதே நாலு பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும். டிராக்டர் ஒன்று, வேப்பூர் ஓட்டல் இன்வெர்ட்டர் இரண்டு, மங்கலம்பேட்டை மைக் செட் பாயுடையது ஒன்று.

என் வீட்டுக்காரர் காலில் மாவுக்கட்டு போட்டு இன்றோடு மூன்று வாரம். ஆள் வரட்டும் என்று சொல்லியும் கேட்காமல் டிராக்டர் பேட்டரியைத் தனியாகத் தூக்கித் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கடை என் பொறுப்பு. "தீவாளி வரைக்கும் பாத்துக்க. கட்டப் பிரிச்சதும் நான் வந்துடறேன், நீ வூட்டப் பாரு" என்கிறார்.

எனக்கு இந்தக் கடை பிடித்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகும் வர வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

5.10, ஞாயிறு

கவரிங் வளையலைக் கழற்றி டப்பாவில் போட்டேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் வளையல் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும், கையோடு சேர்த்து. தாலிச்சரடு ஜாக்கெட்டுக்குள்.

பக்கத்துப் பூக்கடை அக்கா பார்த்துவிட்டார். "புருசன் குத்துக்கல்லாட்டம் வூட்ல இருக்காரு, நீ வெறுங்கையோட நிக்கிற." பத்து நிமிஷத்தில் வீட்டிலிருந்து அவர் போன் பண்ணினார். சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டேன். கண்ணாடியில் கரண்ட் பாயாது. அவருக்கும் திருப்தி, அக்காவுக்கும் திருப்தி.

6.10, திங்கள்

செராமிக் கம்பெனி எலக்ட்ரீஷியன் தனபால் அண்ணன் அங்கே கழித்துப் போட்ட வாஷ்பேசின் ஒன்று கொண்டுவந்தார். ஓரத்தில் விரிசல், மற்றபடி பளபள. கடை வாசலில் பொருத்தித் தண்ணீர் டியூபும் மாட்டிக்கொடுத்தார். "ஆசிட்டு கண்ணுல பட்டா மொதல்ல இங்க கழுவும்மா. நெறய தண்ணி. அப்பறந்தான் ஆஸ்பத்திரி."

ஆசிட் கலக்கினேன். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றி ஊற்றினால் மூஞ்சிக்குத் தெறிக்கும். கண்ணுக்கு என் வீட்டுக்காரருடைய கூலிங் கிளாஸ். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிந்தின ஆசிட்டுக்குப் போட ஆப்பசோடா வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரர் வந்து பஜ்ஜிக்கு ரெண்டு ஸ்பூன் கேட்டார். கொடுக்கவில்லை. முறைத்துவிட்டுப் போனார்.

7.10, செவ்வாய்

அட்டையில் எழுதி வாசலில் மாட்டினேன்:
பீடி, சிகரெட், கற்பூரம் உள்ளே கூடாது.
சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றவும்.

மத்தியானம் அவர் போன். "நாளைக்கு ஆயுத பூசை. நானே வரேன். எல்லாத்தயும் தொடச்சி வையி."

"சார்ஜ் ஏறும்போது கேஸு வருதுங்க. நெருப்பு பட்டா வெடிச்சிடும். கல்பூரம் உள்ள வேணாம்."

"பதினஞ்சு வருசமா காட்டறேன். ஒரு நாளாவது வெடிச்சிதா?"

வெடித்திருந்தால் இப்படிக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார். போனை வைத்தேன்.

8.10, புதன். ஆயுத பூஜை

பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். புது வேட்டி, கக்கத்தில் ஊன்றுகட்டை. மைக் செட் பாய்க்கு ஆட்டோ ஸ்டாண்டு பூஜைக்காக அவசரம் என்று அவர் பேட்டரி சார்ஜில் இருந்தது. நான் பொரி கலந்துகொண்டிருந்தபோது அவர் ஒவ்வொரு பேட்டரி மூடிக்கும் கெட்டியாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார். மூடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத்தான் கேஸ் வெளியே போக வேண்டும். ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன்.

"சாமிக்கு வச்ச பொட்டப் பேக்கிற. வெளங்குமா?"

அடுத்தது கற்பூரத் தட்டு. நிலைப்படியில் குறுக்கே நின்றேன். "ரோட்லேருந்து காட்டுங்க." பூக்கடை அக்கா, பாய், டீக்கடைக்காரர், எல்லாரும் வேடிக்கை. இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் அந்த அட்டையை நானே கிழித்துப்போடலாம். நகரவில்லை.

முறைத்தார். பிறகு நொண்டிக்கொண்டே போய் ரோட்டோரம் நின்று காட்டினார். போகிற வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு டவுன் பஸ் கண்டக்டர்கூட இறங்கி வந்து திருநீறு கேட்டார்.

கற்பூரம் அணைந்து அவர் உள்ளே வந்தார். மூலையில் சார்ஜில் இருந்த பாயின் பேட்டரியை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். டப். சந்தனத்தோடு மூடி எகிறியது. சுவிட்சை அணைத்துவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போய் வாஷ்பேசினில் கை, கால், மூஞ்சி எல்லாம் கழுவிவிட்டேன். மாவுக்கட்டு ஊறிவிட்டது.

"ஒண்ணும் ஆவல. சும்மா கூப்பாடு போடாத."

அந்தத் தட்டு உள்ளே இருந்திருந்தால்? ஒரு பேட்டரியை விட்டது என் தப்பு.

9.10, வியாழன்

கடை லீவு. காலையில் மாவுக்கட்டு மாற்றிவந்தோம், ஆட்டோவில் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வேட்டியைத் துவைத்துப் போட்டேன்.

10.10, வெள்ளி

காய்ந்த வேட்டியை மடிக்கப் பிரித்தேன். முழங்கால் பக்கம் ஆசிட் தின்ற ஓட்டை. எண்ணினேன், பதினொன்று. ஓட்டை மேலே தெரிகிற மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்தேன். அவர் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். எப்போதும் இரண்டு முறை ரசம் கேட்பவர், ராத்திரி ஒரு முறையோடு எழுந்துவிட்டார்.

11.10, சனி

தூறல். பதினொரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்தார். வாயில் பீடி. அட்டை முன்னால் நின்று முழுசாகப் படித்தார். தூறலில் நின்றே குடித்து முடித்து, கட்டை நுனியால் நசுக்கிவிட்டு, "உள்ள வரலாமா?" என்றார்.

"வாங்க."

ஒரு ஓரமாக உட்கார்ந்தார். மைக் செட் பாய் வந்து வழக்கம்போல அவரிடம் கேட்டார். "அண்ணே, நம்ம பேட்டரி எப்ப கெடைக்கும்?"

"என்னயக் கேட்டா? ஓனரு அதோ வளையல் போட்டுக்கிட்டு நிக்கறாங்க பாருங்க."

கூலிங் கிளாஸை நான் கழற்றவில்லை. கண் கலங்கியது வெளியே தெரியாது.

வாங்க வேண்டியது: டிஸ்டில்ட் வாட்டர், ஆப்பசோடா, பீடி குடிக்கிறவருக்கு வாசலுக்கு வெளியே போட ஒரு ஸ்டூல்.