சிவப்பு மூடிப் பைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவைப் பற்றி அப்படிச் சட்டென்று எழுத முடியவில்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு என்று என் முழங்கையை இடித்துக்கொண்டே இருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நாளாகவே கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினார். கேட்டால், லாரி ஓட்டினவனுக்கு உக்காந்து தூங்கித்தான் பழக்கம் என்று என்னிடமே கதை விட்டார். கடைசியில் குளியலறை வாசலில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரைப் பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன்தான் தூக்கிக் காரில் ஏற்றினார். நுரையீரல் வரை நீர் கோத்திருந்ததாம்.

கிட்னி நின்றுபோனதிலிருந்து தினமும் அவர் வயிற்றுக்குள் குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுக்கிறோம் அல்லவா, அதில் சர்க்கரை இருக்கிறது. மஞ்சள் மூடிப் பையில் கொஞ்சம், சிவப்பு மூடிப் பையில் நிறைய. கால் வீங்கினால் சிவப்பைப் போட வேண்டும். உன் அப்பாவோ சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து காபியில்கூட ஒரு சிட்டிகை போடாத மனுஷர். வாயால வேண்டாம்னு விட்டதை வயித்துல ஊத்திக்கவா என்று நினைத்து, நான் எடுத்து வைத்த சிவப்புப் பைகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மஞ்சளையே மாட்டிக்கொண்டிருக்கிறார். பெருக்கும்போது துடைப்பம் தட்டித்தான் எனக்கே தெரிந்தது. வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது.

நர்ஸ் பொறுமையாகத்தான் சொன்னாள். வெள்ளரித் துண்டுல உப்புப் போட்டா தண்ணி வெளிய வருது பாருங்க, அதேதான் ஐயா, வயித்துக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, சர்க்கரை கெட்டியா இருக்கற பக்கத்துக்குத் தண்ணி அது வழியா தானா வரும் என்றாள். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் கழிவு பைத் தண்ணீருக்குத் தானே வந்துவிடுமாம், தண்ணீரை இழுக்கத்தான் சர்க்கரை வேண்டுமாம். அப்ப நான் குடிச்ச தண்ணியெல்லாம் எங்க போச்சு என்று இவர் கேட்டார். உங்க நெஞ்சுலதான் தங்கிச்சு என்றாள்.

ஆனால் குற்றம் அவருடையது மட்டுமில்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சவ்வும் ஓய்ந்துவிட்டதாம். இப்போது சிவப்பைப் போட்டாலும் சர்க்கரை சீக்கிரமே ரத்தத்துக்குள் போய்விடுகிறது, நீரை இழுக்க வயிற்றில் எதுவும் மிஞ்சுவதில்லை. மாற்றுக் கிட்னிதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ முன்னொரு தடவை உன் கிட்னியைத் தருகிறேன் என்று போனில் அழுததைச் சொன்னேன். பெத்த பொண்ணை அறுத்துட்டு நான் பொழைக்கணுமா என்று ஒரே பிடிவாதம். அதனால் யாரிடமும் சொல்லாமல் நானே போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். என் கிட்னி அவருக்குப் பொருந்துகிறதாம்.

அதைக் கேட்டதிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருகூடடி சண்டை போடுவேன் என்று தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கடைசியில் சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி ஆபரேஷன். வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்று எப்போதும் சொல்கிற நானே கூப்பிடுகிறேன், வந்துவிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நீ மகராசியாக இருப்பாய். தேதியை மட்டும் மறந்துவிடாதே. இத்தனை நாளும் அவர் உள்ளே படுத்திருந்தால் வெளியே பெஞ்சில் நான் இருந்தேன். இந்தத் தடவை நானும் உள்ளேதான் இருப்பேன், கண்ணு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா