கிஷோபனின் காரும் என் முதுகும்

சோலோதுர்ன்
சனிக்கிழமை

அன்புள்ள மகள் சிவானுஜாவுக்கு,

நீயும் மருமகனும் மெல்பேர்னில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றிக் கேட்கிறேன். நானும் சுகம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும், இன்றைக்கு அதை எழுத முடியவில்லை. தொலைபேசியில் சொன்னால் அடுத்த அறையில் இருக்கும் உன் தம்பிக்குக் கேட்டுவிடும், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நிமிர்ந்திருந்து எழுத முதுகு விடவில்லை.

சிறுநீரகம் பழுதான பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆரா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வருவது உனக்குத் தெரியும். மாரிக் குளிரில் முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியதும் தெரியும். அந்தப் பயணம் என்னை என்ன செய்கிறது என்பதுதான் தெரியாது. கிஷோபன் அழகுக்காகக் காரை நிலத்தைத் தொடுகிற மாதிரித் தாழ்த்தி வைத்திருக்கிறான். எங்கள் தெருவில் பதித்த கற்களில் ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். பெருந்தெருவில் கொங்கிரீட் பொருத்துகள் விடாமல் இடிக்கும். போகும்போதாவது பல்லைக் கடித்துக்கொள்ளலாம், திரும்பும்போது கடிக்கவும் உடம்பில் பலமில்லை.

அவன் கவனிக்காமல் இல்லை. என் முதுகுக்காகவே குலுக்கலைத் தாங்கும், திருகி மாற்றக்கூடிய ஷொக் அப்சோபர் வாங்கிப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து திருகுகிறான். அடுத்த நாள் அம்மா, இப்ப குலுக்குதோ என்று கேட்பான். இல்லை மகன், நல்லா இருக்கு என்பேன். இளக்கிவிட்டால் கார் பள்ளத்தில் இறங்கி ஏறி ஆடி வயிற்றைப் பிரட்டும், அதற்கும் நல்லா இருக்கு. இறுக்கிவிட்டால் கல்லெல்லாம் முதுகில் ஏறும், அதற்கும் நல்லா இருக்கு. போன கிழமை அவன் சிரித்துக்கொண்டு, எல்லாத்துக்கும் பாஸ் போடுறீங்கள் அம்மா, பள்ளிக்கூடத்தில படிக்கேக்கை என்ர மாக்ஸைப் பார்த்து ஒருநாளும் இப்பிடி நல்லா இருக்கெண்டு சொல்லேல்லையே என்றான்.

உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்பாய். அப்பா போன பிறகு இந்த வீட்டில் அவன் என்னோடு கதைப்பது சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, அவ்வளவுதான். காரில் மட்டும் கதைக்கிறான். றோட்டைப் பார்த்துக்கொண்டு கதைக்கலாம், என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஜெனனி என்று ஒரு பிள்ளையை விரும்புவதையும் அங்கேதான் சொன்னான். நோகுதென்று சொன்னால் தன் வேலை பிழைத்ததென்று நினைத்து என்னை ஆஸ்பத்திரி வண்டிக்குக் கையளித்துவிடுவான். அதன் பிறகு இவன் என்னோடு எங்கே கதைப்பான்?

நேற்று நான் போகவில்லை. ஆஸ்பத்திரியில் திகதியை மாற்றிவிட்டார்கள் என்று அவனுக்குப் பொய் சொன்னேன். அங்கிருந்து போன் எடுத்தபோது திங்கள் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது கால் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. கன்னியர் மடத்தில் படித்த காலம் முதல் நோவை வெளியில் காட்டாமல் இருந்தவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது பிள்ளை. இப்படி ஒரு வசனம் நான் யாருக்கும் எழுதியதில்லை.

செம்மண் றோட்டிலும் தார் றோட்டிலும் ஒரே கார் சுகமாக ஓட வைப்பதுதானே உன் வேலை. காருக்குள் இருந்து பார்ப்பதும் ஒரு எஞ்சினியர் வேலையோ என்று நான் கேட்டதை மனதில் வைத்திருக்காதே. ஏறியவர்கள் மரியாதைக்கு நல்லது என்பார்கள், அதனால் இருக்கையில் கருவி வைத்துக் குலுக்கலை அளப்போம் என்று அன்றைக்கு நீ சொன்னாய். அதைத்தான் கேட்கிறேன். உன் வேலைக்குச் சுவிஸ் றோட்டில் கார் குலுங்கும் அளவு வேண்டுமென்று தம்பியிடம் சொல்லு. போனிலும் அளக்கலாமாம், என் இருக்கையில் வைத்து ஆராவுக்கு ஓடிப் பார்க்கட்டும். கல்லுக்கும் பெருந்தெருவுக்கும் எப்படித் திருகுவதென்று அவனுக்குச் சொல்லிக்கொடு. காரை உயர்த்த மாட்டேன் என்றால் அதட்டு, நீ மூத்தவள். நான் எழுதியதாக மட்டும் சொல்லாதே.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. பதிலைத் தமிழ் எழுத்தில் எழுது, இங்கிலிஷ் எழுத்தில் எழுதிய தமிழை நான் வாசிக்க மாட்டேன். திங்கள் விடிய அவன் காரை வாசலுக்குக் கொண்டுவருவான். அதற்கு முன் நீ கதைத்திருந்தால் ஏறுவேன். கதைக்காவிட்டால் அவனுக்கு என்ன பொய் சொல்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானேஸ்வரி