சுடுதண்ணி போட்டீங்களாண்ணே?

மச்சான்,

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் திரையில் உன் பெயர் வந்து நின்றது. நீ போய் எட்டு மாதமாகிறது. பழைய கண்காணிப்பு மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுவதற்காக, எந்த எச்சரிக்கையை யார் பார்த்தது என்ற பட்டியலை இறக்கிக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி என் பெயர்; நடுவே உன் பெயர். பதினொரு இடத்தில். எல்லாமே நீ இறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாமே மத்தியானம். கையிலிருந்த கோப்பி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய மென்பொருளை நிறுவியது நாம் இருவரும்தானே. அதற்கு முன்பு நம்முடையது நாய்ப் பிழைப்பு. பாகான் நக்கோடா ஓமார் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து புஞ்சாக் ஆலாம் வரை எங்கே ஒரு ரவுட்டர் படுத்தாலும், அந்த எஸ்டேட் ஆபீஸ் கிராணி கோபமாகப் போன் பண்ணினால்தான் நமக்குத் தெரியும். பிறகு எல்லா எஸ்டேட், எல்லா மில்லின் எச்சரிக்கைகளையும் ஒரே திரைக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து முதலில் என் போனுக்குச் செய்தி வரும். நான் ‘பார்த்தாயிற்று’ என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பதினைந்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால் உனக்குப் போகும். நீயும் அழுத்தாவிட்டால் மேலதிகாரிக்கு. அந்த விதியை எழுதியது நீ. “ஞாயித்துக்கெழம ஒன்ன நம்ப முடியாதுலா. ஆட்டுக்கறி உள்ள போனா நீயே டவுன்” என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினாய்.

நம்மை அதிகம் அலைக்கழித்தது, மில் வாசலில் செம்பனைப் பழ லோரிகளை எடை போடும் கொட்டகை. சுவரில் ஒரே ஒரு பிளக். முதல் தடவை ஒரு மணி நேரம் காடி ஓட்டிப் போனோம். காவலுக்கு இருக்கும் முனியாண்டி அண்ணன் நம் ரவுட்டர் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, கெட்டிலைச் செருகித் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். வெளியே எடை பதிய முடியாமல் லோரிகள் பெரிய ரோடு வரை நின்றன. நான் கத்த வாயெடுத்தேன். நீ, “எனக்கும் ஒரு கிளாஸ்ணே” என்று உட்கார்ந்துவிட்டாய். ‘பிடுங்காதே’ என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினோம். அதன்மேல் அவர் தொப்பியை மாட்டினார். இன்னொரு பிளக் கேட்டு நாம் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்கியதோ. அன்றிலிருந்து உன் சட்டம் ஒன்றுதான்: “மொதல்ல சுடுதண்ணி போட்டாரான்னு கேளு. அப்புறம் காடிய எடு.”

நீ போன பிறகும் உன் பெயரை எச்சரிக்கை வரிசையிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உன் போன் அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு தூங்கி எழுந்து பார்த்தால் எடைக் கொட்டகை எச்சரிக்கை வந்து, தானாகவே சரியாகியிருக்கும். நல்ல மென்பொருள் என்று பாராட்டிக்கொண்டு முகம் கழுவப் போவேன்.

பட்டியல் மேலதிகாரி கண்ணிலும் பட்டது. “செத்துப்போனவரு போன வெச்சி யாரு வெளையாடறது? வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லுங்க” என்றார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் குறட்டை விட்ட ஒவ்வொரு ஞாயிறும் உன் வீட்டில் உன் போன் அலறியிருக்கிறது. உன் மனைவி மாலதியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மறுநாள் வேலை முடிந்து சுங்கை சோவில் உன் வீட்டுக்குப் போனேன். உன் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க தூங்கியிருப்பீங்கன்னு தெரியும்ணே. அவருதான் சொல்லுவாரே” என்றாள் மாலதி. “அமுக்கலன்னா மேல போயிரும், ஒங்கள ஏசுவாங்க. அதான் அமுக்கிட்டேன்.”

“அமுக்குனா மட்டும் போதாதே தங்கச்சி. யாரும் பாக்கலன்னா லோரியெல்லாம் நின்னுருமே.”

“சும்மா அமுக்கிட்டு விட்டுருவேனா? முனியாண்டி அண்ணனுக்குப் போன் அடிச்சி, சுடுதண்ணி போட்டீங்களாண்ணேன்னு கேட்டேன். இவரு சோத்துல கை வெச்சிக்கிட்டே கேக்கறத எத்தன வருசம் பாத்திருக்கேன். பத்து தடவ ஆமான்னாரு.”

“இன்னொரு தடவ?”

“அன்னிக்கி முட்ட அவிச்சாராம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். எட்டு மாதமாக என் நெஞ்சில் இருந்த கனம் அந்தச் சமையலறையில் இறங்கியது. மாலதிக்கும் ஒன்று இறக்கி வைக்க இருந்தது. “ஞாயித்துக்கெழம ஆனா கோயிலுக்குக்கூட இத தூக்கிட்டுத்தாண்ணே போறேன். சத்தம் வந்துருமோன்னு சாமி கும்புட முடியல” என்றாள்.

“அவரு நம்பர எடுத்துரவா தங்கச்சி?”

“ஒங்களுக்கு அப்புறம் யாரு பாப்பாங்க?”

“ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. மத்தியானம் தூங்காது.”

“அப்ப எடுத்துருங்கண்ணே.”

அவள் பார்க்கவே, என் போன் வழியாக எச்சரிக்கை வரிசைக்குள் போய் உன் எண்ணை எடுத்தேன். மாலதி கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். பிறகு உன் போனின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அதே பிளக்கில் கெட்டிலைச் செருகினாள். என்ன செய்தோம் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். என்னை ஏசத்தான் ஏசினார். ஏசி முடித்துவிட்டு, “அந்த பிளக் மனு எங்க?” என்று கேட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டார். போன வாரம் வயர்மேன் வந்து இரண்டாவது பிளக்கைப் போட்டுவிட்டுப் போனான். புதிய மென்பொருளில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அடியில் குறிப்பு எழுதலாம். எடைக் கொட்டகைக்கு அடியில் உன் கேள்வியை எழுதிவைத்திருக்கிறேன். இனி அது எதற்கு என்கிறாள் அந்தப் புதுப் பெண். இருக்கட்டும் என்றேன்.

நேற்று ஞாயிறு. வீட்டில் ஆட்டுக்கறி. படுப்பதற்கு முன்பு முனியாண்டி அண்ணனுக்கு நானே போன் அடித்து, “சுடுதண்ணி போட்டீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“போட்டாச்சு தம்பி. பொட்டியும் ஓடுது. நீ தூங்கு” என்றார்.