சங்கு மழுங்கிய சக்கரம்

அன்பு மக்கா தங்கப்பா,

நீ உயிரோடு இருந்த கடைசி மூன்று மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. கோபப்படாமல் கேள்.

இங்கே தமிழ், மலையாள எல்லை இன்னும் முடிவாகவில்லை. பாறசாலை எந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினமும் ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். போராட்டம் இல்லாத நாளில் பஸ் ஓடுகிறது. உன் பஸ்ஸில் புதுக் கண்டக்டர். சில்லறையில் பழங்காசு கிடக்கிறதா என்று பார்க்காமலே பையில் போடுகிறான், எனக்குத்தான் வயிறு எரிகிறது.

நேற்று உன் வீட்டுக்காரி சரசுவதி, நீ பழங்காசு சேர்த்த தகர டப்பாவோடு என் வாச்சுக்கடைக்கு வந்தாள்.

"அண்ணா, நாகர்கோவில்ல இருந்து பழங்காசு வாங்க ஒரு ஆளு வாறாரு. எது என்ன தரமுண்ணு எழுதித் தருவீங்களா? அவிய போன பொறவு எனக்கு வேற யாரு உண்டு?"

டப்பாவைத் திறந்தேன். மேலேயே கிடந்தது அந்த ஒற்றைச் சக்கரம், சங்கு அடித்த நம் திருவிதாங்கூர்ச் செம்புக் காசு.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். புழக்கத்துக்கே வராத, கைபடாத காசு என்று சொல்லி அதை எனக்குத் தந்தாய், பதிலுக்கு என் பழைய கொச்சிக் காசை, அந்தப் புத்தனை, வாங்கிக்கொண்டாய். வீட்டில் போய்ப் பார்த்தால் சங்கின் நடு வரிகள் மழுங்கல். மறுநாள் மறியலில் உன் பஸ் அமரவிளையில் நின்றது. சந்தி முழுக்க ஆள். அங்கே வந்து கத்தினேன்.

"எலே, கண்டக்டர் பையில உருண்ட காசு புதுசாகுமா? தேஞ்சத தந்து ஏமாத்தினியாக்கும்!"

"தேயல்ல மக்கா. கஜானாவுல இருந்து வந்த புதுப் பொட்டலத்தப் பிரிச்சப்பவே அப்பிடித்தான் இருந்தது. அச்சுல அடிச்சப்பவே உள்ள குறையாக்கும்."

நான் கேட்கவில்லை. சக்கரத்தை உன் பையில் விட்டெறிந்து, என் புத்தனைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் மீதி வாங்குகிறவர்கள் உன் கண்ணெதிரே ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்த்தார்களாம். காய்ச்சலில் நீ போன பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

நேற்று வாச்சு பார்க்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டி, காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும், நிறம் மங்கும். இதில் மழுங்கிய இடத்தில் செம்புத் தகட்டின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. விளிம்பிலும் எழுத்திலும் ஒரு தேய்மானமும் இல்லை. பையில் உருண்டிருந்தால் அவை தப்பியிருக்குமா?

காசைத் திருப்பினேன். சங்கின் நடுவுக்கு நேர் பின்னால் மகாராஜாவின் முகம். அச்சின் அடி விழும்போது செம்பெல்லாம் அந்த முகத்துக்குள் ஏறிவிட்டால் சங்குக்கு எங்கே மிச்சம் இருக்கும்? டப்பாவில் இருந்த மற்றச் சக்கரங்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் அதே இடத்தில் அதே மழுங்கல். காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. பிறவிக் குறைக்குத் தரம் எவ்வளவு குறைப்பது? தேய்மானத்துக்குக் குறைக்கிற அளவா? நீ இருந்தால் இதற்கே ஒரு வாரம் சண்டை போட்டிருப்போம்.

நீ சொன்னது சரி தங்கப்பா. தப்பு என்னுடையது.

தரம் எழுத உன் நோட்டைத் தேடினேன். அடியில் இருந்தது. அந்தச் சக்கரத்துக்கு நேரே 'கைபடாதது' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'தேய்ந்தது' என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் பொடி எழுத்தில்: 'ஞானமுத்து பார்த்தது. அவன் கண்ணு தப்பாது.'

எலே, ஏன் அப்படி எழுதினாய்? பொட்டலம் பிரித்துப் பார்த்த உன் கண்ணைவிட, கத்தின என்னையா நம்பினாய்? கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

உன் எழுத்தை அடிக்க எனக்குக் கை வரவில்லை. கீழே எழுதியிருக்கிறேன்: 'கைபடாதது. தங்கப்பன் சொன்னதே சரி.' நாளை பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அமரவிளைக்குப் போவேன். அன்று கத்தினதைவிட உரக்கச் சொல்லுவேன்.

உன் கூடப்பிறக்காத தம்பி,
ஞானமுத்து
பாறசாலை