ஜமைக்கா வக்கீலுக்குக் கொடுத்த தேநீர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 ஆகஸ்ட் 1934

அன்புள்ள தம்பி இராஜரத்தினத்துக்கு,

பக்கத்து வீட்டு வேலாயுதம் அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். லண்டன் புகையில் உன் இருமல் எப்படி இருக்கிறது? சட்டப் பரீட்சை நல்லபடியாக முடியப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். இனி எழுதப்போவதை அருவருப்போடுதான் எழுதுகிறேன்.

உன் சிநேகிதர் மிஸ்டர் பார்க்கர் வந்து போனார். பெரிய கிரிக்கெட் ஆட்டக்காரர், இப்போது பாரிஸ்டர், ஜமைக்காவில் நகரசபை உறுப்பினர், சிங்கப்பூர் போகும் வழியில் நம் இந்தியர் கிளப்புக்கு வருவார் என்று நீ எழுதியதை உன் அப்பா எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கிளப் தலைவர் அல்லவா, அவருக்குப் பெருமை! பெயரைக் கேட்டதுமே வெள்ளைக்காரர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் ரோஜா மாலையோடு நின்ற உன் அப்பா, பார்க்கரைத் தாண்டிப் போய் ஏதோ ஒரு தோட்டத் துரைக்கு மாலை போடப் பார்த்தார். துரை கையைத் தட்டிவிட்டுப் போனார். உயரமாக, கறுப்பாக நின்றவரிடம் நான்தான் போய்ப் பெயர் கேட்டேன். இவருக்கு மாலையைப் போடுங்கள் என்று நான் சொன்னால், "வாடிப்போச்சு, விடுப்பா" என்கிறார் உன் அப்பா.

அதோடு விட்டார்களா? கிளப் மைதானத்தில் பார்க்கர் நம் ஆட்களுக்குப் பந்து போட்டார். இந்த வயதிலும் என்ன வேகம்! எங்கள் ஊரில் கறுப்பனைக் கேப்டனாக்க மாட்டார்கள், அந்தக் கோபத்தில்தான் சட்டம் படித்தேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு, தேநீருக்கு அவரை மட்டும் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். நான் என் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் குடித்து வைத்த கோப்பையைப் பின்பக்கம் கொண்டுபோய் உடைக்கச் சொன்னார் உன் அப்பா. உடைந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. பார்க்கர் திரும்பிப் பார்த்தார்.

சீ! வெள்ளைக்காரர் கிளப்பில் நம்மை வாசலோடு நிறுத்துகிறார்கள் என்று மனு போட்டவர்கள் இவர்கள்தானே? அன்றே கிளப்பை விட்டு விலகிவிட்டேன். உன் அண்ணி நல்லம்மாளும் சரி என்றுதான் சொன்னாள்.

நீ வந்ததும் உன்னை அரசாங்கக் கவுன்சிலில் உட்கார வைத்து இந்தியருக்கு நியாயம் கேட்கச் சொல்லப் போகிறாராம் உன் அப்பா. இதையெல்லாம் தம்பிக்கு எழுதாதே, படிப்புக் கெடும் என்றார். எழுதிவிட்டேன்.

லண்டனில் தான் உன் அறைக்கு வந்தபோது நீ ரசம் வைத்துக் கொடுத்ததை, கப்பலேறப் போகும் வழியெல்லாம் பார்க்கர் சொல்லிக்கொண்டே வந்தார். நீ பெரிய வக்கீலாகத் திரும்ப வேண்டும் என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள். நீ அந்த ரசத்தை ஊற்றிக் கொடுத்தவனாகவே திரும்பி வா, தம்பி. எனக்கு அது போதும்.

உன் நலம் நாடும்,
வேலாயுதம்