பதினொன்றில் ஒன்று

அன்புள்ள அத்திம்பேருக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவெடுத்திருக்கிறேன். துவாக்குடியில் என் நிகழ்தகவு வகுப்பில் இருபது ஆண்டுகளாக நடத்திவந்த நோய்ப் பரிசோதனைக் கணக்கை இந்தப் பருவத்திலிருந்து நீக்கிவிட்டேன். இனி அந்த இடத்தில் பழுதான பல்பு. துறைத் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாயிற்று. அவர் காரணம் கேட்கவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். மருத்துவ முகாமில் கொடுத்த ரிப்போர்ட்டோடு நீங்கள் மாடியேறி வந்த ஞாயிற்றுக்கிழமை. குடலில் புற்றுநோய் இருக்கலாம், மேல் சோதனை தேவை என்று அதில் இருந்தது. நான் உறையின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாதவர்களில் ஐம்பது பேருக்கும் சோதனை தவறாக 'உண்டு' என்று சொல்லும். ஆக ஐம்பத்தைந்தில் ஐந்து, பதினொன்றில் ஒன்று. அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

"நீ சொன்னா சரிதான்டா. பெருமாள் பாத்துப்பார்" என்றீர்கள். டாக்டரிடம் எப்போது போவது என்று அக்கா கீழிருந்து கேட்டாள். அவசரமே இல்லை என்று குரல் கொடுத்தது நான்தான். ஐந்து மாதம் யாரும் அவசரப்படவில்லை.

புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு டாக்டர், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பாமல், "வேலை ஜாஸ்தி டாக்டர்" என்றீர்கள். ரிடையராகி ஆறு வருடம் ஆனவர்.

கணக்கில் பிழையில்லை, அத்திம்பேர். உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, இன்றும் சரிபார்த்தேன். ஆனால் அது ஸ்ரீரங்கத்துத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட யாரோ ஒருவருக்கான கணக்கு. நீங்கள் முந்தின வாரம்தான் பெல்ட்டில் புது ஓட்டை போட என்னிடம் ஆணியும் சுத்தியலும் வாங்கிப் போனீர்கள். ஒரே மாதத்தில் இரண்டாவது ஓட்டை. "புளியோதரையை நிறுத்திட்டேளா?" என்று கேட்டேன். சிரித்தீர்கள். உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? கேட்டிருந்தால் அந்தப் பதினொன்று என்னவாகியிருக்கும்?

பல்பு பாடம் திங்களன்று நடந்தது. சோதனையில் பழுது என்று வந்த பல்பு உண்மையிலேயே பழுதாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். மருங்காபுரியிலிருந்து வந்து படிக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே அந்த பல்பு மினுக்கிட்டு இருந்துச்சாங்க சார்? அப்படின்னா கணக்கு வேற ஆயிடுமே."

நல்ல கேள்வி என்றேன். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று போர்டை அழித்தேன்.

இனி யார் ரிப்போர்ட்டை நீட்டினாலும், பேனாவை எடுக்கும் முன் ஆளைப் பார்ப்பேன். உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்பேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

போன வாரம் அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மாடிக்கு எடுத்து வரவில்லை. ஆட்டோ பிடித்துத் தென்னூர் டாக்டரிடம் நேரே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

உங்கள் மாடிவீட்டு மச்சினன்,
சீனு